தென்னை நிழலில் விளைந்த காப்பி: பந்திங் கடை ஒன்றைப் பற்றி

கால் கிலோ காப்பித் தூளுக்கு 24 வெள்ளியா (ரிங்கிட்) என்று முதல் நாள் நான் வாய்விட்டே கேட்டுவிட்டேன். சிலாங்கூரின் பந்திங் சந்தைக்குப் போய் வருகிறவர்களுக்குத் தெரியும், சீனியும் மார்ஜரினும் போட்டு வறுத்த தூள் அந்தப் பணத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கிடைத்துவிடும். கடையில் இருந்த அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. மேசைக்கு அடியில் கவிழ்ந்து கிடந்த சின்ன பிளாஸ்டிக் வாளி ஒன்றை எடுத்து நிமிர்த்தி வைத்து, "நீங்க கையில வெச்சிருக்கிற பொட்டலம் இதுல முக்கா வாளி பழம், தம்பி" என்று மட்டும் சொன்னார். அந்தக் கணக்கு சரிதானா என்று தெரிந்துகொள்ள எனக்கு ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. பதினான்கு மாதங்களாக அங்கேயே தூள் வாங்கி, இரண்டு முறை அவர்களுடைய தோட்டத்துக்கும் போய்ப் பார்த்த பிறகு இதை எழுதுகிறேன்.

கடைக்குப் பெயர் கிடையாது. மோரிப் செல்லும் சாலையிலிருந்து பிரியும் ஒரு குறுக்குச் சாலையில், வீட்டின் முன்பக்கத்தை நீட்டித் தகரம் வேய்ந்த ஒட்டுக்கடை அது. 'காப்பி வறுத்து அரைத்துத் தரப்படும்' என்று தமிழிலும் மலாயிலும் எழுதிய ஒரு பலகை, நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள், ஓர் அரவை இயந்திரம், பின்பக்கம் எரிவாயு அடுப்பின்மேல் சுழலும் இரும்பு உருளை, அவ்வளவுதான். வாசலில் தேங்காயும் வாழைச் சீப்பும் ஈரத்துணி போர்த்திய வெற்றிலைக் கட்டும் விற்பனைக்கு இருக்கும். காப்பிக் கடையில் வெற்றிலைக்கு என்ன வேலை என்று எனக்கு அப்போது தோன்றியது. வெற்றிலையும் காப்பியும் ஒரே நிலத்திலிருந்து வருகின்றன என்பது பிறகுதான் புரிந்தது.

இங்கே இரண்டு வகைத் தூள் உண்டு. சீனி போட்டு வறுத்தது ஒன்று. எதுவும் சேர்க்காமல் வறுத்தது மற்றொன்று. முன்னதை நான் அதிகம் பேசப் போவதில்லை. நம் ஊர்க் காப்பிக் கடைகளில் தலைமுறை தலைமுறையாகக் குடித்து வரும் 'கோப்பி ஓ'வின் கறுப்பும் கருகிய இனிப்பும் அதில் அப்படியே இருக்கின்றன. தோட்டத்தில் வளர்ந்தவர்கள் அதைத்தான் விரும்பி வாங்குகிறார்கள். விலை பாதி. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, சிறப்பாகச் சொல்லவும் ஒன்றும் இல்லை. இந்த மதிப்புரை 'நிழலில் வளர்ந்த லிபெரிக்கா' என்று கையால் எழுதி ஒட்டிய அந்த 24 வெள்ளிப் பொட்டலத்தைப் பற்றியது.

லிபெரிக்கா என்பது மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த காப்பி இனம். உலகச் சந்தையில் புழங்கும் காப்பியில் அதன் பங்கு நூற்றுக்கு இரண்டுகூட வராது. ஆனால் தீபகற்ப மலேசியாவின் தாழ்நிலங்களில், ஜொகூரிலும் நம் சிலாங்கூர்க் கரையோரத்திலும், காப்பி என்றாலே பெரும்பாலும் இதுதான். அக்கா ஒரு பிடி வறுத்த கொட்டையை என் உள்ளங்கையில் கொட்டிக் காட்டினார். அராபிகா இனக் காப்பிக் கொட்டையைப் போல் ஒழுங்கான நீள்வட்டமாக அது இல்லை. ஒரு முனை கூர்த்து, நடுக்கோடு நேராக ஓடாமல் கொக்கிபோல் ஒருபக்கம் வளைந்திருந்தது. முகர்ந்து பார்த்தால் முதலில் வருவது பலாப்பழ வாசனை. கற்பனை என்று நினைத்து வீட்டில் யாரிடமும் சொல்லாமல் என் மனைவியிடம் பொட்டலத்தை நீட்டினேன். அவரும் பலாப்பழம் என்றே சொன்னார். காய்ச்சி வடித்த பின் அந்த வாசனை பாதி அடங்கி, வாயில் கனமான கசப்பும், பிறகு நாக்கின் ஓரத்தில் நிற்கும் ஒரு பழ இனிப்பும் தெரிகின்றன. புளிப்பு குறைவு. கும்பகோணத்து வடிகட்டிக் காப்பியை அளவுகோலாக வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு இது அந்நியமாகத்தான் இருக்கும்.

காய்ச்சும் முறையைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் மாதம் நான் இதைப் பித்தளை வடிகட்டியில் போட்டுப் பாலை நிறைய ஊற்றிப் பாழாக்கினேன். சிக்கரி கலந்த தூளுக்குப் பழகிய வடிகட்டி அது. இந்தத் தூளில் நீர் மளமளவென்று இறங்கிவிட்டது. துணிப் பையில் போட்டு, கொதி அடங்கிய நீரை இரண்டு தவணையாக ஊற்றி, மூன்று நிமிடம் ஊறவிட்டு எடுத்தால் சரியாக வருகிறது. டின் பால் வேண்டுமென்றால் ஒரு சிறு கரண்டி போதும். கடையிலேயே ஒரு கோப்பை 2 வெள்ளிக்கு ஊற்றித் தருகிறார்கள். வாங்குவதற்கு முன் அதைக் குடித்துப் பார்த்துவிடுவது நல்லது.

இனி 'நிழல்' என்ற சொல்லுக்கு வருகிறேன், ஏனென்றால் அந்தச் சொல்லுக்காகத்தான் அதிக விலை கேட்கிறார்கள். எனக்கு அதன்மேல் ஆரம்பத்தில் நம்பிக்கை இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் கோலாலம்பூர்ப் பேரங்காடி ஒன்றில் அடர்ந்த காடும் ஒரு பறவையும் அச்சிட்ட பொட்டலம் வாங்கினேன். நிழலில் விளைந்த காப்பி என்று முன்பக்கம் பெரிதாகவும், எந்த நாட்டுக் கொட்டை என்று எங்கும் இல்லாமலும் இருந்தது. அந்த அனுபவத்தால், யார் நிழல் என்று சொன்னாலும் எந்த மரத்தின் நிழல் என்று கேட்கும் வழக்கம் எனக்கு வந்துவிட்டது. இந்தக் கேள்வியை அக்காவிடம் கேட்டபோது, "ஞாயித்துக்கிழமை வாங்க, காட்டுறோம்" என்றார். ஒரு காப்பிக் கடை தன் நிலத்தையே காட்டுவதாகச் சொல்வதை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

பட்டணத்திலிருந்து மோட்டாரில் இருபது நிமிடம். வழியெல்லாம் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை. பின் ஒரு பாரிட் (வடிகால் வாய்க்கால்) கரையோரமாகத் திரும்பினால் தென்னை தெரிகிறது. மூன்று ஏக்கர். தென்னை மரங்கள் ஒன்றுக்கொன்று எட்டு, ஒன்பது மீட்டர் இடைவெளியில் உயர்ந்து நிற்கின்றன, அவற்றின் இடையில் ஆளுயரத்துக்குச் சற்று மேலாக நுனி ஒடித்து அடக்கி வைத்த காப்பி மரங்கள், ஓரங்களில் வாழை, இடையிடையே கிளிரிசிடியா என்ற பயறு இனத்து மரம், அதன் தண்டில் வெற்றிலைக் கொடி. தென்னோலை வழியே விழும் வெயில் தரையில் நிலையாக நிற்பதில்லை. காற்று அசைத்தால் கோடு கோடாக நகர்ந்துகொண்டே இருக்கிறது. பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் பகல் பதினொரு மணிக்கும் அந்தி மாதிரி இருட்டாக இருந்தது. செம்பனை வளர்ந்து ஓலை கூடிவிட்டால் அடியில் வேறு பயிர் எதுவும் தலையெடுக்காது; முதல் மூன்று, நான்கு ஆண்டுகள் ஊடுபயிர் போடலாம், அதன் பிறகு நிலம் முழுக்க அதற்கே. தென்னை அப்படி இல்லை. உயரப் போகப் போகக் கீழே இடம் விடுகிறது.

அண்ணன், அதாவது அக்காவின் கணவர், ஒரு காப்பி மரத்தடியில் குனிந்து சருகை விலக்கிக் காட்டினார். மேல் அடுக்கில் காய்ந்த இலை, அதன் கீழே பாதி மக்கியது, அதற்கும் கீழே கறுத்து ஈரமான மண், அதில் நெளியும் புழுக்கள். மழை பெய்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. கிளிரிசிடியாவின் வேர் முடிச்சுகள் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்ப்பதால் உர மூட்டை குறைகிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதன் கிளையைக் கழித்து மரத்தடியில் போட்டுவிடுகிறார்கள். குடகிலும் இலங்கையிலும் இந்த வேலையைக் கல்யாண முருங்கை செய்து வந்தது. நம் ஆட்கள் கடல் தாண்டி வந்தபோதே அறிந்திருந்த ஒரு பழக்கத்தை, பால்மரமும் (ரப்பர்) செம்பனையும் பார்த்த நூறு ஆண்டுகளில் மறந்துவிட்டோம் என்றே எனக்குத் தோன்றியது.

இங்கே நான் கொஞ்சம் நின்று பேச வேண்டிய விஷயம் புல். நேர் வெயில் விழும் நிலத்தில் லாலான் புல் இரண்டே வாரத்தில் முழங்காலுக்கு வந்துவிடும். அதை ஒழிக்க மருந்து அடிக்க வேண்டும். மருந்து அடிக்கும் வேலையைத் தோட்டங்களில் யார் செய்தார்கள் என்பதை நாம் ஒவ்வொருவரும் அறிவோம். அக்காவின் தாயார் பதினாறு லிட்டர் கொள்ளும் பம்பை முதுகில் சுமந்து வரிசை வரிசையாக அடித்தவர். பம்பின் மூடி சரியாக மூடாமல் முதுகில் வழிந்த இடத்தில் சட்டை ஒட்டிக்கொள்ளும். நகங்கள் மஞ்சளாகி ஒவ்வொன்றாகக் கழன்றன. காலை ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வரவில்லை என்றால் கூலி இல்லை என்பதால் மூக்கில் ரத்தம் வந்த நாளிலும் போனார். அந்த மருந்துகளில் கொடியதான பாராகுவாட்டை மலேசியா 2002-இல் தடை செய்யத் தீர்மானித்து, 2006-இல் தடையைத் தளர்த்தி, கடைசியாக 2020 ஜனவரி 1 முதல்தான் முழுமையாகத் தடை செய்தது. இந்த மூன்று ஏக்கரில் பம்பு இல்லை. நிழலும் சருகும் சேர்ந்து புல்லை அடக்கிவிடுகின்றன. தென்னை விழுந்து வெயில் இறங்கிய ஒரு மூலையில் மட்டும் லாலான் இருந்தது, அதை அண்ணன் சாங்குலால் (மண்வெட்டியால்) வெட்டுகிறார். "எங்கம்மா உசுரோட இருந்தா இந்த நெலத்துல வெறுங்காலோட நடக்கச் சொல்லியிருப்பேன்" என்றார் அக்கா. பொட்டலத்தில் எழுத வேண்டியது இதைத்தான் என்று நான் சொன்னேன். அதற்கு இடம் போதாது என்று சிரித்துவிட்டார்.

நிழலால் காப்பியின் சுவை கூடுகிறதா? மலைநாட்டு அராபிகாவுக்கு அது பெரிதும் பொருந்தும்; எத்தியோப்பியக் காட்டில் பெரிய மரங்களின் அடியில் வளர்ந்த இனம் அது. நிழலில் பழம் மெதுவாகப் பழுக்கிறது, கொட்டை இறுகுகிறது. குடகிலும் தாண்டிக்குடியிலும் ஏற்காட்டிலும் நிழல்மரம் இல்லாத காப்பித் தோட்டத்தைக் காண்பது அரிது. லிபெரிக்காவின் கதை வேறு. கவனிக்காமல் விட்டால் பத்து மீட்டருக்கும் மேல் வளரக்கூடிய பெரிய மரம் அது. தாழ்நிலத்து வெக்கையைத் தாங்கும், களிமண்ணிலும் கரிமண்ணிலும் நிற்கும், வெயிலிலும் காய்க்கும். ஆகவே இந்தப் பொட்டலத்தின் சுவை தென்னையால் வந்தது என்று நான் எழுதினால் அது பொய்யாகிவிடும். நன்கு பழுத்ததை மட்டும் பறிப்பதும் பொறுமையாக உலர்த்துவதும்தான் அந்தச் சுவைக்குக் காரணம் என்று நினைக்கிறேன். இங்கே நிழலின் பயன் குடிப்பவரைவிடப் பயிரிடுபவருக்கே அதிகம்.

நிழல் மிஞ்சினாலும் கெடுதல் உண்டு என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. அடர்ந்த நிழலில் காப்பி பூக்காது; ஈரம் தங்கி இலையில் பூஞ்சணம் வரும். இதை நம் நாட்டுச் சரித்திரமே ஒருமுறை பெரிய அளவில் காட்டியிருக்கிறது. 1869 முதல் இலைத்துரு நோய் இலங்கைக் காப்பியை அழித்தபோது அங்கிருந்த வெள்ளைக்காரத் துரைமார் சிலர் மலாயாவுக்கு வந்து, துருவைத் தாங்கும் என்று நம்பி லிபெரிக்காவை நட்டார்கள். கிள்ளான், காஜாங் வட்டாரங்களில் பால்மரத்துக்கு முன்பு காப்பிக் காடுகள்தாம் இருந்தன. அவற்றை வெட்டித் திருத்தியவர்களில் தமிழர்கள் ஏராளம். 1890-களின் பிற்பகுதியில் பிரேசிலின் அபரிமிதமான விளைச்சலால் விலை சரிந்தது. காப்பி வரிசைகளுக்கு நடுவில் ரப்பர் கன்றுகளை ஊன்றினார்கள். கன்று வளர்ந்து தழை மூடியதும், அந்த நிழலிலேயே காப்பி ஒடுங்கிப்போயிற்று. என் பாட்டனார் பால் வெட்டியவர். அவருக்கு முந்திய தலைமுறையில் யாராவது காப்பிப் பழம் பறித்திருப்பார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள இப்போது வீட்டில் ஆள் இல்லை.

இரண்டாம் முறை போனபோது பழம் பறித்துப் பார்க்கிறேன் என்று நானே கேட்டேன். லிபெரிக்கா இங்கே ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாகக் காய்க்கிறது. ஒரே கிளையில் பூவும் பச்சைக் காயும் சிவந்த பழமும் சேர்ந்து நிற்கும். ஆகவே கிளையை உருவி இழுக்க வழியில்லை, ஒவ்வொன்றாகத் திருகி எடுக்க வேண்டும். தோல் தடித்த பழம். காம்பு எளிதில் விடாது. ஒரு மணி நேரம் முடிந்தபோது என் வாளியில் நாலரைக் கிலோ இருந்தது. அக்கா அதைச் சாக்கில் கொட்டி, விரலால் தள்ளித் தள்ளி ஒரு கிலோவைக் காய் என்று ஒதுக்கினார். மிச்சம் மூன்றரைக் கிலோ. லிபெரிக்காவில் சதை மிகுதி என்பதால் ஏறத்தாழ பத்துக் கிலோ பழத்திலிருந்துதான் ஒரு கிலோ பச்சைக் கொட்டை கிடைக்கும். வறுக்கும்போது அதிலும் ஆறில் ஒரு பங்கு எடை குறையும். கணக்குப் போட்டால் கால் கிலோ தூளுக்கு ஏறத்தாழ மூன்று கிலோ பழம் வேண்டும். என்னுடைய ஒரு மணி நேர உழைப்பு, கைவிரல் பிசுபிசுப்போடு, ஒரே ஒரு பொட்டலம். அவர் காட்டிய முக்கால் வாளி சரிதான்.

பறிப்பதோடு வேலை முடிவதுமில்லை. பிளாஸ்டிக் கூரை போட்ட உலர்களத்தில் பழத்தைத் தோலோடு பரப்பி, நாளுக்கு நான்கைந்து முறை கிளறி, மூன்று வாரம் காய வைக்கிறார்கள். கொட்டையின் ஈரம் நூற்றுக்குப் பன்னிரண்டுக்குக் கீழ் வந்தால்தான் மூட்டை கட்ட முடியும். நம் ஊர் மழைக்கு அது சாமானியமான காரியமல்ல. பழமாகவே இடைத்தரகரிடம் போட்டிருந்தால் அந்த மூன்று கிலோவுக்குக் கிடைத்திருக்கும் பணம் பொட்டல விலையில் பாதியைக்கூடத் தொடாது என்று அண்ணன் சொன்னார். தாங்களே உலர்த்தி, உரித்து, வறுத்து, அரைத்து விற்பதால்தான் மிச்சம் கையில் நிற்கிறது. சிறு விவசாயிக்குக் காப்பி பிழைப்பைத் தருகிறதா என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் இந்த வறுக்கும் உருளையில்தான் இருக்கிறது என்பது என் கணிப்பு.

அவர்களிடமே நேராகக் கேட்டேன்: இந்த மூன்று ஏக்கரில் குடும்பம் நடக்கிறதா? நடக்கவில்லை என்று ஒளிக்காமல் சொன்னார்கள். அண்ணன் காலையில் பள்ளி வேன் ஓட்டுகிறார். அந்தப் பணமும் வேண்டியிருக்கிறது. ஆனால் மூன்று ஏக்கர் செம்பனை என்றால் குலையின் விலை இறங்கும் மாதத்தில் வீடு முழுவதும் முகம் வாடிவிடும் என்பதை அவர்கள் அண்டை வீட்டில் பார்த்திருக்கிறார்கள். இங்கே தேங்காய் ஆறு வாரத்துக்கு ஒரு முறை இறங்குகிறது, காப்பி இரண்டு வாரத்துக்கு ஒரு பறிப்பு, வாழை தன் போக்கில், வெற்றிலை கல்யாண மாதத்திலும் தைப்பூசத்துக்கு முன்பும். போன ஆண்டு வாழைக்கு நோய் வந்து பாதி போயிற்று, வெற்றிலை கைகொடுத்தது. ஒன்று விழுந்தால் மற்றொன்று தாங்குகிறது என்பதே இந்த நிலத்தின் பொருளாதாரம்.

நிலம் கிடைத்த கதையும் சொல்லத் தக்கது. வேலை பார்த்த தோட்டம் வீடமைப்புக்கு விற்கப்பட்டபோது கிடைத்த இழப்பீட்டையும் சேமநிதிப் பணத்தையும் போட்டு, பிள்ளைகள் எல்லோரும் நகரத்துக்குப் போய்விட்ட ஒரு சீனப் பெரியவரிடமிருந்து வாங்கினார்கள். தென்னையும் காப்பியும் அவர் வைத்தவை. காப்பியை வெட்டிவிட்டுச் செம்பனை போடுங்கள் என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் சொன்னார்கள். நுனி ஒடிக்கவும் நிழலைக் கழிக்கவும் கற்றுக்கொடுத்து அதைத் தடுத்தவர் பக்கத்து நிலத்து ஜாவாக்காரப் பெரியவர். 1960-இல் அப்போதைய மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவர் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டத் தொழிலாளர்களைப் பங்குதாரர்களாக்கியதை நாம் பெருமையாகச் சொல்கிறோம், அது நியாயமும்கூட. ஆனால் தன் பெயரில் பட்டா உள்ள மண்ணில் தான் நட்டதைத் தானே பறிக்கும் தோட்டத்துத் தமிழ்க் குடும்பம் இந்த வட்டாரத்தில் எனக்குத் தெரிந்து இன்னும் அரிதுதான்.

குறைகளுக்கு வருகிறேன். பொட்டலத்தில் வறுத்த தேதி கிடையாது. வெள்ளிக்கிழமை வறுக்கிறார்கள் என்பது தெரிந்தவர்கள் சனிக்கிழமை வாங்கலாம். தெரியாதவர் புதன்கிழமை வந்தால் ஐந்து நாள் பழசை அதே விலைக்கு வாங்கிப் போவார். டிசம்பரில் வாங்கிய ஒரு பொட்டலத்தில் புளித்த வாடை அடித்தது. அடைமழையில் உலர்களம் காயாமல் பழம் நொதித்திருக்க வேண்டும். திருப்பிக் கொண்டுபோனபோது எதிர்ப்பேச்சில்லாமல் மாற்றித் தந்தார்கள் என்றாலும், விற்பதற்கு முன் ஒரு கோப்பை போட்டுக் குடித்துப் பார்த்திருந்தால் அது வெளியே வந்திருக்காது. அரவையும் ஒரே சீராக இல்லை. ஒரு வாரம் ரவை போலவும் மறுவாரம் மாவு போலவும் வருகிறது. கொட்டையாகவே வாங்கி வீட்டில் அரைத்துக்கொள்ள வசதி உள்ளவர்கள் அப்படிச் செய்யலாம். பகல் ஒரு மணிக்குக் கடையைச் சாத்திவிடுவார்கள், திங்கட்கிழமை விடுமுறை. வண்டி நிறுத்த இடம் இல்லை. எதிர்வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு ஏச்சு வாங்கியவன் நான்.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இது சான்றிதழ் பெற்ற காப்பி அல்ல. பறவைகளுக்கு உகந்த காப்பி என்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் வழங்கும் முத்திரைக்கு, இயற்கை விவசாயச் சான்றோடு, நிலத்தில் குறைந்தது நூற்றுக்கு நாற்பது பங்கு நிழலும் பல இன மரங்களும் பல அடுக்குத் தழையும் வேண்டும். தென்னை ஒன்றையே பெரிதாக நம்பியிருக்கும் இந்த நிலம் அந்தத் தேர்வில் தேறாது. தேறினாலும் ஆய்வுக்கான செலவை மூன்று ஏக்கர்க் குடும்பம் எங்கிருந்து கொடுக்கும்? காட்டின் அடியில் விளைந்த காப்பி வேண்டும் என்கிறவர்கள் இங்கே வர வேண்டியதில்லை. அக்காவும் அப்படி ஒரு பெயர் சொல்லி விற்கவில்லை. என்ன நிழல் என்று கேட்டால் தென்னை என்று பதில் வருகிறது, நம்பாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை மோட்டாரில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டுகிறார்கள்.

தூளுக்குப் பணம் கொடுப்பதில் எனக்கு இப்போது தயக்கம் இல்லை. மாதத்துக்கு இரண்டு பொட்டலம் வாங்குகிறேன், விருந்தாளிகளுக்கு மட்டும் சீனி வறுவல். போன சனிக்கிழமை பொட்டலத்தின் மூலையில் மார்க்கர் பேனாவால் தேதி எழுதியிருந்தது. நான் சொன்னதால்தானா என்று கேட்டேன். இல்லை, மகள் சொன்னாள் என்றார் அக்கா. இரண்டு பொட்டலமும் ஒரு கட்டு வெற்றிலையும் வாங்கிக்கொண்டு வந்தேன். அரவை இந்த முறையும் மாவாகத்தான் இருந்தது.